கப்பலில் வந்தவர்க்குக் கைகொடுப்போம்

(கராச்சர்மாவில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் புலவன் அல்லன். மேடைப் பேச்சில் பழகியவனும் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். இரயிலே ஓடாத தீவில் இரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று நம் குழந்தைகள் கேட்பதுண்டு. கப்பலிலும் விமானத்திலும் கரை சேர்பவர்கள் அங்கிருந்து தத்தம் ஊர் போய்ச் சேர வேண்டுமல்லவா? அவர்களுக்கு முன்பதிவுச் சீட்டு எழுதித் தருவதே என் அலுவல். ஆதலின், இத்தீவுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எந்த ஊருக்குப் போகிறார்கள், எவ்வளவு காசு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சன்னலின் வழியே ஓரளவு எனக்குத் தெரியும். அந்த அறிவை நம்பித்தான் செயலாளர் அவர்கள் "அரசின் உதவி எட்டாதவர்க்கு நாம் செய்ய வேண்டியது என்ன?" என்னும் பொருளை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என எண்ணுகிறேன்.

பெரியோர்களே! முதலில் நாம் யார் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறையப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இவ்வளவு பேரும் ஒரே நாளில் வந்தவர்கள் அல்லர்; ஒரே வழியில் வந்தவர்களும் அல்லர்.

1858ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆங்கிலேயர் இங்கே கைதிக் குடியிருப்பை அமைத்தனர். அக்கைதிகளின் வழித்தோன்றல்களும், 1942இல் ஜப்பானியர் வருவதற்கு முன்பே இங்கு வேரூன்றியவர்களும் "நாற்பத்திரண்டுக்கு முற்பட்டவர்" எனப்படுகின்றனர். நாடு விடுதலை பெற்ற பின்னர், 1949 முதல், கிழக்கு வங்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களை அரசே அழைத்து வந்து, நிலம் அளந்து கொடுத்துக் குடியமர்த்தியது. பின்னாளில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் சிலர் நடு அந்தமானிலும், இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலர் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்துக் கச்சாலில் இரப்பர்த் தோட்ட வேலைக்காகவும் குடியமர்த்தப்பட்டனர். இவர்கள் எல்லோரிடத்தும் அரசு கொடுத்த ஏதேனும் ஒரு தாள் உண்டு.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் எப்படி வந்தோம்? சென்னைத் துறைமுகத்தில் ஒரு தகரப் பெட்டியுடன் கப்பல் ஏறி, மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்து, ஹாடோ துறையில் இறங்கியவர்கள். கொத்தனாராக, சிற்றாளாக, தச்சராக, மீன் பிடிப்பவராக, கடைச் சிப்பந்தியாக வந்தவர்கள். ஒப்பந்தக்காரர் அழைத்தார், வந்தோம். உறவினர் கடிதம் எழுதினார், வந்தோம். நமக்கு நிலம் அளந்து கொடுத்தவர் யாரும் இல்லை. நமக்கு முதலில் கிடைத்த தாள் கப்பல் சீட்டு ஒன்றே. அதுவும் இறங்கும்போது கசங்கிப்போன தாள்!

அப்படி வந்தவர்களில் இருபது, முப்பது ஆண்டு உழைத்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தீவுவாசி அடையாள அட்டையும் பெற்றுவிட்டவர்கள் இன்று இந்தப் பந்தலில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். போன மாதக் கப்பலில் வந்தவரோ பாத்துபஸ்திப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுத்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் இன்று நான் பேச விரும்புகிறேன்.

அவருடைய நிலை யாது? அவர் ரேஷன் கடைக்குப் போனால், "இவ்வூர் அட்டை உண்டா?" என்று கேட்பார்கள். அட்டைக்கு மனுச் செய்தால், "முகவரிச் சான்று எங்கே?" என்பார்கள். முகவரிச் சான்றுக்கு வீட்டுக்காரரிடம் போனால், வாடகைச் சீட்டு எழுதித் தர அவர் அஞ்சுவார். கடைசியில், "இத்தனை ஆண்டு இங்கே இருந்தாய் என்பதற்கு ஆதாரம் கொண்டு வா" என்பார்கள். இருந்த ஆண்டுகளுக்கு ஆதாரம் வேண்டுமென்றால், அந்த ஆண்டுகளில் யாரேனும் ஒரு தாள் கொடுத்திருக்க வேண்டுமே! கிணற்றில் இறங்க ஏணி வேண்டும். ஏணியோ கிணற்றுக்குள் இருக்கிறது. இதுதான் அவர் நிலை.

மற்றுமொன்று கேளுங்கள். அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதிக்கு அட்டவணைச் சாதியினர் பட்டியலே அறிவிக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அப்பட்டியலில் உள்ள குடும்பத்துப் பிள்ளை, கடலைக் கடந்து இங்கே வந்தவுடன், இவ்விடத்துச் சலுகையைக் கோர முடியாதவன் ஆகிறான். ஒரு மாநிலத்தின் பட்டியல் நிலை இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவனோடு கூட வாராது என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. நம்மவர்க்கு மட்டுமே இக்குறை என்று நினைக்க வேண்டா. 1918 முதல் காடு திருத்தவும் சாலை போடவும் இங்கே அழைத்து வரப்பட்ட சோட்டா நாகபுரிப் பழங்குடி மக்களை நாம் "ராஞ்சிக்காரர்" என்கிறோம். அவர்கள் சொந்த மண்ணில் பழங்குடியினர். நூறாண்டு உழைத்த இம்மண்ணில் அப்பட்டியலில் இல்லாதவர்கள். நம் துன்பத்துக்கு அடுத்த வீட்டிலேயே அண்ணன் இருக்கிறான்!

இது நம் நாட்டில் மட்டும் தோன்றிய முறையும் அன்று. இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. ஏழை ஒருவனுக்கு உதவ வேண்டிய கடமை அவன் பிறந்த அல்லது நிலைத்த கோயிற்பற்றுக்கு மட்டுமே உரியது. பிழைக்க வந்த இடத்தில் அவன் சுமையாகக் கூடும் என்று தோன்றினால் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம் என்பது அச்சட்டம். உழைப்பு ஊர் விட்டு ஊர் போகலாம். உதவி மட்டும் போகாது! அந்நாட்டுத் தொழிலாளர் பின்னாளில் வாரந்தோறும் சில காசு சேர்த்து, நோய்க்கும் சாவுக்கும் உதவும் நட்புச் சங்கங்களை ஊர்தோறும் கண்டனர். சட்டம் கைவிட்ட இடத்தில் சங்கம் பிறந்தது.

நம் தீவிலே அரசின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. இவை சிறு தீவுகள். ஜாரவா, ஓங்கே, சென்டினல் மக்கள் நமக்கெல்லாம் முன்னே ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக வாழ்பவர்கள். காடு அழிந்தால் அவர்கள் அழிவார்கள்; குடிநீரும் வற்றும். அதனால்தான் 1978ஆம் ஆண்டு இறுதிக்குப் பின் நேர்ந்த காட்டு ஆக்கிரமிப்புகளை அகற்றவும், வெளியார் வந்து குடியேறுவதைக் கட்டுப்படுத்தவும் 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்கலாகாது. ஆனால் காட்டில் நிலம் கொடுக்காமை ஒன்று. உழைக்க அழைத்து வந்தவனின் தட்டில் அரிசி இல்லாமை வேறொன்று. முன்னதற்குக் காட்டும் நியாயம் பின்னதற்குப் பொருந்தாது. ஆள் வேண்டாம் என்றால் கப்பலில் ஏற்றக் கூடாது. ஏற்றி வந்து வேலை வாங்கியபின் பசியோடு வைக்கக் கூடாது.

தோழர்களே! தமிழன் கடல் கடந்த இடமெல்லாம் இக்கதை நடந்திருக்கிறது. இலங்கையின் மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக மாற்றியவர்கள் நம் மக்கள். 1948இல் அந்நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. வாக்குரிமை போயிற்று, அரசு நிலக் குடியேற்றத் திட்டங்களில் இடம் போயிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்க்கலாம் என்று பங்கிட்டது. மாட்டைப் பங்கிடும்போதுகூடக் கன்று எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பார்கள். இங்கே தாய் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் ஆன குடும்பங்கள் பல. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கையில் வந்தது 2003இல். 55 ஆண்டுகள்! ஒரு தாளுக்காக மூன்று தலைமுறை காத்திருந்தது.

பர்மாவைப் பாருங்கள். 1962இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டாண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. கடை வைத்திருந்த தமிழர் வெறுங்கையோடு கப்பல் ஏறினர். திரும்பி வந்தவர்களுள் சிலர் தமிழ்நாட்டில் பிழைப்புக் காணாமல், வந்த வழியே நடந்து பர்மாவுக்குப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர். இரு நாட்டுக்கும் வேண்டாதவராய் நின்ற அவர்கள் அங்கே கோயில் எழுப்பினர். தமிழ்ச் சங்கம் கண்டனர். ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்து அவ்வூரில் நிலைபெற்றனர்.

மலேயாவிலே வேறொரு பாடம் உண்டு. விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள் வேலையும் வீடும் இழந்தனர். அப்போது வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். கூலிக்காரரின் பத்து வெள்ளி திரண்டு தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. ஆனால் அதே நாட்டில், 1969க்குப் பின், குடியுரிமைத் தாள் வாங்கி வைக்காத நம்மவர் வேலை அனுமதி கிடைக்காமல் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறித் திரும்பினர். பணம் சேர்த்தது மட்டும் போதாது. காலத்தில் தாளும் சேர்த்திருக்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

இனி நம் நாட்டுக்கும் நம் காலத்துக்கும் வருவோம். 2020 மார்ச்சு மாதம் கொரோனா நோய் பரவியபோது, 22ஆம் தேதி முதல் பயணிகள் இரயில்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. நூற்றைம்பதாண்டுக்கு மேற்பட்ட நம் இரயில்வேயின் வரலாற்றில் அப்படி ஒரு நிறுத்தம் நேர்ந்ததில்லை. நகரங்களில் வேலையிழந்த தொழிலாளர் தண்டவாளத்தின் ஓரமாகவே நடக்கத் தொடங்கினர். மே மாதம் முதல் தேதிதான் தெலுங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து சார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் தொழிலாளர் சிறப்பு இரயில் புறப்பட்டது. நம் தீவிலிருந்தவர்களுக்கோ நடக்கவும் வழியில்லை, சுற்றிலும் கடல்.

அப்போதுதான் நாட்டுக்கே ஓர் உண்மை தெரிந்தது. பிழைக்கப் போனவனின் ரேஷன் அட்டை ஊரில் இருக்கிறது. அவன் வயிறு வேறிடத்தில் இருக்கிறது! அட்டையில்லாத 8 கோடிப் பேருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும் குடும்பத்துக்கு 1 கிலோ கடலையும் இரண்டு மாதத்துக்கு வழங்குவதாக 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. 2021 ஜூன் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் "ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை" முறையை எல்லா மாநிலங்களும் நிறைவேற்ற வேண்டும் எனக் கெடு விதித்தது. 2022 ஜூனில் அசாமும் சேர்ந்ததோடு நாடு முழுவதும் அம்முறை வந்துவிட்டது. நம் தீவுகளும் அதில் அடக்கம்.

இம்முறையின் பயனை நம் சகோதரர்களில் பலர் இன்னும் அறியாதிருக்கின்றனர். ஆதலின் சற்று விளக்கிச் சொல்கிறேன், பொறுத்தருள்க. தமிழ்நாட்டில் முன்னுரிமைக் குடும்ப அட்டையோ அந்தியோதயா அட்டையோ வைத்திருப்பவர், ஆதார் எண் இணைத்திருந்தால், இங்குள்ள நியாய விலைக் கடையில் விரல் ரேகை வைத்துத் தம் பங்குத் தானியத்தைப் பெறலாம். அவர் இங்கே தம் பங்கை வாங்க, ஊரிலுள்ள மனைவி மக்கள் தம் பங்கை அங்கேயே வாங்கலாம். ஆனால் முன்னுரிமையற்ற அட்டை வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. அவ்வட்டைக்கு அரிசி தருவது தமிழ்நாட்டு அரசின் சொந்தச் செலவு. அது கடல் தாண்டி வாராது. நம்மவர் பலர் "நம்மிடமும் அட்டை உண்டே" என்று மகிழ்ந்து கடைக்குப் போய்த் தலைகுனிந்து திரும்புவதற்குக் காரணம் இதுவே. அட்டையில் எழுதியிருப்பதை முதலில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய அட்டை கேட்டால் "எண்ணிக்கை நிரம்பிவிட்டது" என்று பதில் வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எத்தனை பேருக்கு அட்டை என்பது 2011 கணக்கெடுப்பைக் கொண்டே அளக்கப்பட்டது. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. மக்கள் பெருகினர், அளவு பெருகவில்லை. இதனை உணர்ந்து, மத்திய அரசின் இ-சிரம் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டு அட்டையின்றி இருக்கும் ஏறக்குறைய 8 கோடித் தொழிலாளர்க்கு, அந்த எண்ணிக்கை வரம்பைக் காரணம் காட்டாமல் ரேஷன் அட்டை வழங்குமாறு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை இருக்கிறது. ஆனால் அது தானாக நடந்து தகரக் கொட்டகைக்கு வாராது. யாரேனும் கைபிடித்து அழைத்து வர வேண்டும்.

அந்த "யாரேனும்" யார்? அங்கேதான் நம் சங்கத்தின் வாயிலுக்கு வந்து நிற்கிறேன்.

நம் சங்கத்தில் உதவி நிதி ஒன்று உண்டு. நோய், இறப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு அது பயன்படுகிறது. அதன் விதியை நீங்கள் அறிவீர்கள்: ஆண்டுச் சந்தா செலுத்திய உறுப்பினர் குடும்பத்துக்கே உதவி. உறுப்பினர் ஆக வேண்டுமானால் இவ்வூர் முகவரிச் சான்று வேண்டும். அன்பர்களே! இந்த விதியைச் சற்று நிதானமாக மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். அரசு அலுவலகத்துச் சன்னலில் எந்தத் தாளைக் கேட்டு அவரைத் திருப்பி அனுப்புகிறார்களோ, அதே தாளைத்தான் நாமும் கேட்கிறோம். அங்கே இந்தியில் கேட்கிறார்கள். இங்கே செந்தமிழில் கேட்கிறோம்!

இவ்விதியைத் திருத்த வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. அதற்குச் சில பெரியோர்கள் கூறும் தடைகளை நான் அறிவேன். அவை வெறும் தன்னலப் பேச்சுகள் அல்ல. ஆதலின் ஒவ்வொன்றுக்கும் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் தடை: "இவர்கள் நிலையில்லாதவர்கள், அடுத்த கப்பலில் போய்விடுவார்கள்" என்பது. போகட்டுமே! பசி மட்டும் நிலையில்லாததா? அவர் கட்டிய சுவர் இங்கேயே நிற்கிறது. அவர் போட்ட சாலையில்தான் நாம் நடக்கிறோம். அன்றியும், நம்மில் எத்தனை பேர் "ஒரே வருஷம்" என்று சொல்லி வந்தவர்கள் என்பதை அவரவர் வீட்டுப் பாட்டிமாரைக் கேளுங்கள்.

இரண்டாம் தடை: "நம் நிதி சிறியது, எல்லோருக்கும் கொடுத்தால் உறுப்பினர்க்கு மிஞ்சாது" என்பது. இது கணக்கு, கணக்குக்குக் கணக்கால்தான் விடை கூற வேண்டும். இருக்கும் நிதியில் கைவைக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் செய்த பிடி அரிசி முறையை மீட்போம். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது அவர்கள் வழக்கம். கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் ஊர்கள் அரிசி திரட்டின. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் என்று கொள்வோம். நூறு வீடுகள் நாளுக்கு ஒரு பிடி எடுத்து வைத்தால், முப்பது நாளில் 150 கிலோ. அரசு ஆளுக்கு அளிக்கும் அளவு 5 கிலோ. அப்படியானால் முப்பது பேர்க்கு, அரசு கொடுக்கத் தவறிய பங்கை, நம் அடுப்பங்கரையே கொடுத்துவிடும். இதனால் நம் வீட்டில் யாருடைய வயிறாவது குறையுமா? தாய்மார்களே, நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

மூன்றாம் தடை: "தாள் இல்லாதவர்க்கு உதவினால் நிருவாகத்தோடு நமக்கு வீண் வம்பு" என்பது. இந்திய நாட்டுக் குடிமகன் ஒருவனுக்குச் சோறு போடுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. நாம் யாருக்கும் காட்டில் மனை வளைத்துத் தரப் போவதில்லை. பொய்ச் சான்று எழுதித் தரப் போவதும் இல்லை. அதைச் செய்பவன் உதவுபவன் அல்லன்; பின்னாளில் அவனையே காட்டிக் கொடுப்பவன். இதில் சங்கம் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் நுண்ணியது: "நாமே கொடுக்கத் தொடங்கிவிட்டால் அரசு கை கழுவிவிடும்" என்பது. இத்தடையை நான் மதிக்கிறேன். அரசின் அரிசி உரிமை. நம் அரிசி அன்பு. உரிமையின் இடத்தில் அன்பை வைத்து அலுவலர்க்கு ஓய்வு கொடுப்பது நம் நோக்கமாகலாகாது. ஆதலின் அரிசியோடு ஒரு பதிவேடும் வேண்டும் என்கிறேன். எந்த நாள், எத்தனை பேர்க்கு, என்ன காரணத்தால் அரசு அரிசி கிடைக்கவில்லை என்று மாதந்தோறும் எழுதி, பெயர்களை நீக்கி, அந்தக் கணக்கை மனுவாக உணவு வழங்கல் துறைக்கு அனுப்ப வேண்டும். அழுகையைக் கோப்பில் சேர்க்க முடியாது, கணக்கைச் சேர்க்கலாம். இருபது ஆண்டுக்கு மேல் கோப்புகளோடு வாழ்பவன் என்ற முறையில் இதை உறுதியாகக் கூறுவேன்.

ஆகவே நான் வேண்டுவன மூன்றே.

முதலாவது, பிடி அரிசி. அதனை வாங்குபவரின் பெயரை ஒலிபெருக்கியில் கூறலாகாது. படம் எடுத்து மலரில் போடலாகாது. கொடுப்பவர் கை தெரிய வேண்டா. வாங்குபவர் முகமும் தெரிய வேண்டா. வாங்கியவர் கூலி கிடைத்த மாதத்தில் தாமும் ஒரு பிடி கொண்டுவந்து போடுவார். அப்படித்தான் வாங்குபவன் தலை நிமிர்வான்.

இரண்டாவது, எழுத்துத் திண்ணை. ஞாயிறுதோறும் மாலையில் இரண்டு மணி நேரம், நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்த நால்வர் சங்கத் திண்ணையில் அமர வேண்டும். இ-சிரம் பதிவு செய்வது, ஊர் அட்டையில் ஆதாரை இணைப்பது, கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் சேர்ப்பது ஆகியவற்றை முடித்துக் கொடுக்க வேண்டும். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தீர்வையாகத் தண்டி அத்தொழிலாளர் நலனுக்கு வைப்பது 1996ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். ஓராண்டில் 90 நாள் வேலை செய்த சான்றைக் கொண்டு அதில் பதிவு செய்துகொள்ளலாம் என்பதைக் கொத்தனார்கள் பலர் அறியார். ஆகவே வந்த முதல் நாளிலிருந்தே வேலை நாள்களைக் குறித்து ஒப்பந்தக்காரரிடம் கையொப்பம் வாங்கும் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்த வேண்டும். 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், வெளி மாநிலத் தொழிலாளர் தாம் பிழைக்கும் இடத்திலேயே ரேஷனும் நல வாரிய உதவியும் பெற வழி செய்ய வேண்டும் என்கிறது. மலேயாவில் தாள் வாங்காமல் தவறவிட்டவர்களின் கதை இங்கே திரும்பலாகாது.

மூன்றாவது, பிள்ளைகள். பெற்றோரோடு வந்த குழந்தை வேலைத்தளத்து மணற்குவியலில் விளையாடிக்கொண்டிருக்கக் கண்டால், பார்த்துக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கன்வாடியில் சத்துணவு பெற ரேஷன் அட்டை வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் பள்ளியில் சேர்க்க மறுக்கவும் கூடாது. இத்தீவில் தமிழ் வழி வகுப்புகளும் உண்டு. அக்குழந்தையின் கையைப் பிடித்துப் பள்ளி வாயில்வரை கொண்டுபோய் விடுவதற்கு, அம்மையீர், எந்த நிதியும் தேவையில்லை. அரை மணி நேரம் போதும்.

இவ்வுதவி தமிழர்க்கு மட்டுமா என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அதே கொட்டகையில் நம்மவர் அருகே தெலுங்கரும் ராஞ்சிக்காரரும் வங்காளியரும் படுத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு மட்டும் அரிசியளந்து மற்றவனைப் பார்க்க வைப்பது தமிழர் பண்பாகுமா? நாம் தமிழில் அளப்போம். எம்மொழியான் வந்தாலும் அளப்போம்.

பெரியோர்களே! நம் இலக்கியத்தில் மணிமேகலையின் கதையை அறியாதார் இல்லை. அமுதசுரபியைக் கையில் ஏந்திய அந்த நங்கை பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டாள். பிறகு சோழ மன்னனிடம் அவள் கேட்ட வரம் என்ன? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தர வேண்டும் என்பதே. மன்னனும் இசைந்தான். அவள் சோறிட்டபோது யாரிடமும் "நீ எவ்வூர்?" என்று கேட்டதாகக் கதையில் இல்லை. நாம் வாழும் இத்தீவு ஒரு காலத்தில் நாடறிந்த சிறைக்கோட்டம். 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையின் வளாகத்திலேயே 1963இல் கோவிந்த வல்லப பந்த் பெயரால் மருத்துவமனை எழுந்தது. விலங்கு பூட்டிய இடத்திலே மருந்து கொடுக்கிறார்கள். சிறை அறமாகும் என்பதற்கு இத்தீவே சான்று. 2024இல் போர்ட் பிளேயர் என்னும் பெயரும் மாறி ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஊரின் பெயர் மாறும், காலம் மாறும். ஆனால் கப்பலிலிருந்து இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் துறையில் நிற்கும் மனிதன் மட்டும் மாறவில்லை. அவனுக்கு முதலில் எதிர்ப்படும் தமிழ் முகம் நம் முகமாக இருக்கட்டும்.

பொதுக்குழுவில் தீர்மானம் வரும்போது கைதூக்குவதும் தூக்காததும் உங்கள் உரிமை. நான் கேட்பது, அதற்கு முன் ஒருநாள் அந்தக் கொட்டகைக்குச் சென்று பார்த்துவிட்டு வந்து வாக்களியுங்கள் என்பதே. தூரம் அதிகமில்லை, நடந்தே போகலாம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!